கேள்வியாகிப் போன மலை

பொனிரானுக்குக் கலையோடு எந்த விரோதமும் இருந்ததில்லை. கெளுத்தி மீன் பொரித்து விற்கிறவருக்கு விரோதம் பாராட்ட நேரம் ஏது? ஜோக்ஜா நகரின் தெற்குச் சாலையோரம் சாயங்காலமானால் நாலு மூங்கிலை நட்டு, படுதாவைக் கட்டி, உள்ளே பாய் விரித்து, விளக்கைப் போட்டு, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவார். படுதாவில் ஒரு கெளுத்தி, ஒரு கோழி, ஒரு வாத்து. மூன்றும் தங்களைத் தின்ன வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வரைந்திருக்கும். உள்ளே விளக்கு எரிவதால் சாப்பிடுகிறவர்களின் நிழல் படுதாவில் விழும். தலைகள் குனிவதும் கைகள் வாய்க்குப் போவதும் சாலையிலிருந்தே தெரியும். பாயில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது வசதி. அந்த நிழலுக்கு அதற்கு மேலும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று பொனிரான் கனவிலும் நினைத்ததில்லை.

அர்யோ நினைத்தார். அவர் ‘தற்கால நிழல் மைய’த்தின் கண்காட்சிப் பொறுப்பாளர். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, வட்டக் கண்ணாடி. பாதி மீனைத் தின்றுவிட்டுக் கை கழுவ வெளியே போனவர் திரும்பி வரவில்லை. காசு கொடுக்காமல் ஓடிவிட்டானோ என்று பொனிரான் எட்டிப் பார்த்தால், மனிதர் நடுச்சாலையில் நின்று படுதாவையே வெறித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். உள்ளே வந்தபோது கண்ணில் நீர். பெரியவர்களை ‘பாக்’ என்று அழைக்கும் அந்த ஊர் மரியாதையோடு ஆரம்பித்தார்.

“பாக், இதை நீங்களே பண்ணினீங்களா?”

“மசாலா தடவினது எம் பொண்டாட்டி. பொரிச்சது நான்.”

“மீனை விடுங்க. இந்தத் திரை! பார்க்க வந்தவனே பாவை. பசிதான் ஆட்டி வைக்குது. நாங்க வருஷக்கணக்கா தேடினதை நீங்க ரோட்டோரமா கட்டி வெச்சிருக்கீங்க.”

“மிளகாய் தூக்கலாயிடுச்சோ? தண்ணி குடிங்க தம்பி.”

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அர்யோ, தொட்டுக்கொள்ள வைத்த மிளகாய்ச் சம்பல் பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொன்னார். சம்பல் பொனிரானின் கைவண்ணம். மீனைப் புகழ்கிறவர்கள் உண்டு. சம்பலைத் தனியாகப் புகழ்கிறவர்கள் குறைவு. மனம் குளிர்ந்துபோய், “உங்களுக்கு நிழல்னா அவ்ளோ பிடிக்குமா? எம் மச்சான் வார்செனோ பெரிய வாயாங் நிழல்கூத்துக்காரர். இப்ப கடல் தாண்டி லாம்புங்ல கூத்துக்குப் போயிருக்கார். பொம்மைப் பெட்டி நம்ம வீட்டுலதான் கிடக்கு” என்றார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஜுமிரா சந்தைக்குப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் மேலாகக் கிடந்தது குனுங்கான் என்கிற அந்த மலைப் பொம்மை. எருமைத் தோலில் வெட்டிய, அரசிலை வடிவத்து மலை. அதற்குள் ஒரு மரம், மரத்தடியில் புலியும் காளையும், அடியில் சாத்தின வாசல் ஒன்று. அர்யோ அதை மார்போடு அணைத்துக்கொண்டார். படம் எடுத்துக்கொண்டு இரண்டொரு நாளில் தந்துவிடுவதாகச் சொன்னார். வாசலுக்கு வந்த விருந்தாளியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லி பொனிரானுக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தில் யாருக்குமே பழக்கமில்லை. “நல்லது, நல்லது” என்று சொல்லி, ஆட்டோவரை தூக்கிக்கொண்டு போயும் கொடுத்தார். விரலில் ஒட்டியிருந்த சம்பல் மலையின் ஒரு மூலையில் பட்டதை அப்போது அவர் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து லாம்புங்கிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை காலையில் வந்துவிடுவதாகவும், அன்று ராத்திரி ஊர்ச் சாந்திக் கூத்தைத் தானே நடத்துவதாகவும் வார்செனோ சொன்னார். ஜுமிரா பெட்டியை வெயிலில் வைக்கலாம் என்று திறந்தாள்.

“ஏங்க, மலை எங்கே?”

“எந்த மலை?”

“மெராபி மலையைக் கேக்கறேன். காலைல எந்திரிச்சுப் பார்த்தேன், காணோம். பெட்டில இருந்த மலை எங்கேங்க?”

பொனிரான் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“சம்பல் நல்லாருக்குன்னு சொன்னதுக்கு மலையைக் குடுத்தீங்க. மீன் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா என்னைத் தூக்கி ஆட்டோல ஏத்தி விட்டிருப்பீங்களா?”

“ரெண்டு நாள்ல தர்றேன்னான் புள்ள.”

“மலையைப் பிடுங்கினாத்தான் கூத்து ஆரம்பம். மலையை நட்டாத்தான் கூத்து முடிவு. அது இல்லாம எங்கண்ணன் எதைப் பிடுங்குவான், உங்க மீசையையா?”

“மச்சான் திட்டுவாரா?”

“வீட்டுல ஒரு வார்த்தை சொல்லமாட்டான். பக்கத்து ஊர்க்காரன்கிட்ட மலையைக் கடன் வாங்கியாவது கூத்தை ஆரம்பிச்சுருவான். அப்புறம் கோமாளிங்க வர்ற நேரம் இருக்குல்ல? அப்ப சொல்லுவான். மைக்ல. உங்க பேரைச் சொல்லி, அப்பன் பேரைச் சொல்லி, கடைப் பேரைச் சொல்லி. காங் மணி அடிக்கிற கட்டையைத் தொலைச்ச சுனார்கோ இன்னைக்கும் இந்தச் சந்தைக்கு வர்றதில்ல, பக்கத்து ஊர்லதான் கத்திரிக்கா வாங்கறான். நமக்கு இதே ரோட்டுல பொழப்பு நடத்தணும். போய் வாங்கிட்டு வாங்க.”

இப்படியாக பொனிரான் கலையை நோக்கிப் புறப்பட்டார்.

தற்கால நிழல் மையம் நெல்வயல்களுக்கு நடுவே பெரிய வெள்ளைப் பெட்டி போல நின்றது. ஜன்னல் இல்லை. வாசலில் காவலாளி த்ரிமோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“செருப்பைக் கழட்டிடுங்க பாக். வெள்ளைத் தரை.”

“கூத்துப் பொம்மை ஒண்ணு வாங்கிட்டுப் போக வந்தேன்.”

“பொம்மையா? இங்க பொம்மையே கிடையாதே. நிழல்கூத்துக் கண்காட்சின்னு பேரு, சனிக்கிழமை திறப்பு விழா. உள்ள போய்ப் பாருங்க, உங்களுக்கே புரியும். புரிஞ்சா எனக்கும் வந்து சொல்லுங்க.”

முதல் அறையில் ஓர் எருமை நின்றது. உயிருள்ள எருமை. அது அசைபோட்டபடி பொனிரானைப் பார்த்தது. பக்கத்துச் சுவரில் ‘இன்னும் பாவையாகாத பாவை’ என்று எழுதியிருந்தது. தோல் பொம்மைகளாக மாறுவதற்கு முந்தைய நிலையில் அது இருப்பதாகவும், அந்தச் சாத்தியத்தின் வலியைப் பார்வையாளர் உணரவேண்டும் என்றும் கீழே விளக்கம். எருமைக்கு அப்படியொன்றும் வலி இருப்பதாகத் தெரியவில்லை. காலடியில் சாணம் கிடந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

“இது கலையில சேர்த்தியா, இல்லையான்னு இன்னும் முடிவாகல” என்று பின்னாலேயே வந்த த்ரிமோ தாழ்ந்த குரலில் சொன்னார். “முடிவாகிற வரைக்கும் அள்ளக் கூடாதுன்னு உத்தரவு. எருமைக்காரன் தினம் வந்து அழுவுறான், நடவு நேரமாம். உழவுக்கு எருமை வேணுமாம்.”

“குடுத்துட வேண்டியதுதானே?”

“அது கலை பாக். எப்படிக் குடுக்கறது?”

அடுத்த அறையில் ஒரு கலைஞர் தன் சொந்த நிழலைக் காட்சிக்கு வைத்திருந்தார். மேகமூட்டம் என்பதால் ‘கலைஞர் விடுப்பில்’ என்று பலகை தொங்கியது. அதற்கடுத்த பெரிய கூடத்தில்தான் மலை இருந்தது. வெள்ளைப் பீடத்தின் மேல், சிவப்புக் கயிற்றுக்கு அப்பால், தானே வெளிச்சம் விடுவது போல நின்றுகொண்டிருந்தது. பொனிரான் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!” அர்யோ ஓடிவந்தார். கையில் வெள்ளை உறை. “பாக்! நீங்களா! பார்த்தீங்களா, எப்படி மூச்சு விடுது!”

“பார்த்தேன் தம்பி. நல்லா இருக்கு. ஒரு கோணிப் பை குடுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

“எதை?”

“மலையை.”

அர்யோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாக், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீட்டுல இருந்தப்ப அது மலை. இங்க வந்த பிறகு அது ஒரு கேள்வி. நீங்களே சொல்லுங்க, ஒரு கேள்வியை நான் எப்படித் திருப்பிக் குடுக்கறது?”

பொனிரான் கொஞ்சம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த கேள்விகளெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கூடியவைதான். ஜுமிராவிடம் எதைக் கேட்டாலும் இரண்டாகவே திருப்பிக் கொடுப்பாள். ஆனால் அதைச் சொல்ல அது இடமில்லை என்று தோன்றியது.

அவரை இயக்குநரிடம் அனுப்பினார்கள். டாக்டர் இந்த்ரியானி ஐரோப்பாவில் படித்து, அங்கேயே நிழலைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அங்கே வெயில் குறைவு என்பதால் ஆராய்ச்சி நெடுங்காலம் பிடித்தது. அவர் பொனிரானை மிகுந்த மரியாதையோடு, ஒரே ஒரு நாற்காலி இருந்த அறையில் வரவேற்றார்.

“உட்காருங்க பாக். நாற்காலி அதிகாரத்தின் சின்னம். அதனால விருந்தினர்களுக்கு வெச்சுக்கறதில்ல.” அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

பொனிரான் தரையில் உட்கார்ந்து, மச்சானையும் சனிக்கிழமையையும் மைக்கையும் பற்றி விளக்கினார். இயக்குநர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணை மூடித் தலையாட்டினார்.

“உங்க வலி எனக்குப் புரியுது. இந்த மையத்தோட லட்சியமே அதுதான். மக்கள்கிட்டேருந்து எடுக்கப்பட்டதை மக்களுக்கே திருப்பிக் கொடுக்கணும். இந்தக் கண்காட்சியோட தலைப்பே ‘மீட்பு’.”

“ரொம்ப நல்லது இபு” என்றார் பொனிரான், அம்மா என்கிற மரியாதையோடு. “அப்ப எடுத்துக்கலாமா?”

“ஐயோ, இல்ல! நீங்க கேட்ட உடனே திருப்பிக் குடுத்துட்டா, திருப்பிக் கொடுக்கறதைப் பத்தி நாங்க கருத்தரங்கு நடத்தறது எப்படி? கருத்தரங்குக்கு வெளிநாட்டுலேருந்தெல்லாம் வர்றாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்வேன், குடுத்தாச்சுன்னா?”

“எப்ப இபு கருத்தரங்கு?”

“அடுத்த வருஷம். ஆனா உங்களுக்காக ஒரு வழி இருக்கு. அது கலைப்பொருள் இல்லைன்னு நிபுணர் குழு முன்னாடி நீங்க நிரூபிச்சா, அது இங்க இருக்கவே கூடாது. உடனே எடுத்துட்டுப் போகலாம். நாங்க ரொம்பக் கறாரான ஆளுங்க.”

இது பொனிரானுக்குச் சுலபமாகத் தோன்றியது. ஒரு சாமான் சாதாரணச் சாமான் என்று சொல்ல என்ன கஷ்டம்?

மறுநாள் குழு கூடியது. தாடி வைத்த ஒருவர், தாடி வைத்து எடுத்த ஒருவர், எருமையைக் கொண்டுவந்து நிறுத்திய கலைஞர். மலையைப் பீடத்தோடு உருட்டிக்கொண்டு வந்து நடுவே வைத்தார்கள்.

“ஐயா, இது சும்மா தோலுங்க” என்று ஆரம்பித்தார் பொனிரான். “ஒரு தடவை கரி பத்தலைன்னு எம் பொண்டாட்டி இதை வெச்சே அடுப்பை விசிறிட்டா.”

தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “விசிறினாங்களா? புனிதத்தை வெச்சு நெருப்பை!”

“நெருப்புன்னு இல்லீங்க, கெளுத்தி மீனு.”

“எழுதிக்கங்க, எழுதிக்கங்க” என்றார் தாடி எடுத்தவர்.

பொனிரான் விடவில்லை. “மழைக்காலத்துல பெட்டிக்குள்ள கரப்பான் பூச்சி முட்டை போடுமுங்க. புலியோட ஒரு காதுல கடிச்சே வெச்சிருக்கு, பாருங்க.”

“உயிரினங்களோட கூட்டுப் படைப்பு” என்று முனகினார் எருமைக் கலைஞர். குரலில் பொறாமை தெரிந்தது.

கடைசி முயற்சியாக பொனிரான் அந்த மூலையைச் சுட்டிக்காட்டினார். “இந்தச் செவப்புக் கறையைப் பாருங்க. இது சம்பலுங்க. என் கை பட்டது. அழுக்கு! அழுக்கான சாமானை யாராச்சும் கண்காட்சில வெப்பாங்களா?”

மூவரும் எழுந்து வந்து கறையை நெருங்கிப் பார்த்தார்கள். தாடிக்காரர் பொனிரானின் வலது கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

முடிவு அன்று மாலையே அறிவிக்கப்பட்டது. மலை இனிமேல் கண்காட்சியின் தலைமைப் படைப்பு. அதன் மையம், மூலையிலிருக்கும் சம்பல் கறை. பீடம் இன்னும் உயர்த்தப்பட்டது. கறையின் மேல் தனியாக ஒரு விளக்கு. கறைக்கென்று ஒரு காவலும் போட்டார்கள். அந்த வேலையும் த்ரிமோவின் தலையிலேயே விழுந்தது.

“நீங்க நல்லா இருப்பீங்க பாக்” என்றார் த்ரிமோ. “இத்தனை நாளா சாணத்தை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

பொனிரானுக்கும் ஒரு பதவி கிடைத்தது. சனிக்கிழமை திறப்பு விழாவில் ‘சமூகப் பிரதிநிதி’யாக அவர் மேடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் பொரிக்கவேண்டும், அவருடைய நிழல் திரையில் விழும். அர்யோ விளக்கினார்: “எண்ணெய் வேணாம், புகை வரும். மீன் வேணாம், வாடை வரும். அடுப்பும் வேணாம். பொரிச்சா மட்டும் போதும்.”

அவர் உடனே ஒத்துக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில்தான் மலையை வைக்கப்போகிறார்கள் என்று த்ரிமோ சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை வார்செனோ வந்து சேர்ந்தார். பயணக் களைப்பு. வந்ததும் பெட்டியைத் திறக்கப் போனவரை ஜுமிரா மடக்கி உட்கார வைத்து, பலாக்காய்க் குழம்பும் சோறும் முட்டையுமாக மூன்று தடவை பரிமாறினாள். அண்ணன் தட்டிலேயே தூங்கி விழுந்தார். பொனிரான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல்வரை வந்தாள்.

“சாயங்காலம் எந்திரிச்சு பெட்டியைத் திறப்பான். மலையோட வாங்க.”

“மலை இல்லாம வந்தா?”

“அதைத்தான் சொல்றேன். மலையோட வாங்க.”

விழா நாலு மணிக்கு. கூடம் நிறைந்திருந்தது. நல்ல பாத்திக் சட்டைகள், பட்டுச் சேலைபோல மின்னும் கெபாயா மேல்சட்டைகள், மடியில் ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி. உரைகள் முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள். திரைக்கு முன்னால் ஒலிபெருக்கி. பின்னால் பொனிரான், காலிச் சட்டி, பெரிய விளக்கு. பொம்மைகளைக் குத்தி நிறுத்தும் வாழைமரம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு மெத்தையால் ஒரு வாழைமரத்தைச் செய்து படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பக்கமாக காமலான் வாத்தியக்காரர்கள். அவர்களும் படைப்பின் பகுதிதான்: கையையும் சுத்தியலையும் தூக்கிப் பிடித்தபடி, கடைசிவரை அடிக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும். ‘மௌனத்தின் ஓசை’க்காக அவர்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். மத்தளக்காரருக்கு ஏற்கெனவே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் மாவட்டக் கலாசார அதிகாரி பேசினார். “வாயாங் நம் உயிர்மூச்சு. எனக்கு ராத்திரி கண்விழிக்க முடியாது என்பதால் நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பாதுகாக்கும் எல்லாக் குழுவிலும் இருக்கிறேன். ஒரு கலையைப் பாதுகாக்க வேண்டுமானால் முதலில் அது ஆபத்தில் இருக்கவேண்டும். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர நாங்கள் அயராது உழைத்து வருகிறோம்.”

கைதட்டல். பிறகு டாக்டர் இந்த்ரியானி.

“நண்பர்களே, நிழல் என்றால் ஒளி தேவை என்பது பழைய எண்ணம். கூத்து என்றால் கதை தேவை என்பது அதைவிடப் பழையது. பார்வையாளருக்குப் புரியவேண்டும் என்பது எல்லாவற்றிலும் பழையது. இந்த மையம் மக்களுக்காகக் கட்டப்பட்டது. மக்கள் வராத நாட்களிலும் அது மக்களுக்காகவே பூட்டியிருக்கிறது...”

திரைக்குப் பின்னால் பொனிரான் இல்லாத மீனை இல்லாத எண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டிப் புரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பீடத்தின் பக்கம் நகர்ந்தார். மலை கைக்கெட்டும் தூரத்தில். பின்பக்கக் கதவு எருமை அறைக்குத் திறக்கும். அதைத் தாண்டினால் வயல். முன்வரிசையில் எல்லாரும் கண்ணைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். “...ஆகவே முடிவு என்பதே இல்லாத ஒரு உரையாடலை நாம் இன்று...” என்று குரல் ஓடிக்கொண்டிருந்தது. பொனிரான் எட்டி, மலையை எடுத்துவிட்டார்.

திரும்பினால் எதிரே த்ரிமோ.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையைப் பீடத்தில் திரும்ப வைக்கலாம் என்றால், எட்டி எடுக்க முடிந்ததே தவிர நிமிர்த்தி வைக்கப் பீடம் ரொம்ப உயரம். தரையில் வைக்க மனம் வரவில்லை. மலையைத் தரையில் போடுகிற ஆள் அவர் இல்லை, யாருமே இல்லை. கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, கை அதற்குப் பழகிய இடத்துக்குப் போனது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கூத்தின் விடியலிலும் எந்த இடத்தில் பார்த்தாரோ அந்த இடத்தில், திரைக்கு நேர் நடுவில், பஞ்சு வாழைமரத்தில் மலையின் காம்பைக் குத்தி நிமிர்த்தி நட்டார்.

விளக்கு பின்னாலிருந்து அடித்தது. டாக்டர் இந்த்ரியானியின் தலைக்கு மேலே, திரை முழுக்க, மரமும் புலியும் காளையும் சாத்திய வாசலுமாக மலையின் நிழல் எழுந்து அசையாமல் நின்றது.

முதலில் மத்தளக்காரரின் கை விழுந்தது. அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார். மலை நடுவில் நின்றால் முடிவுப் பாட்டு. அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். மத்தள அடி கேட்டதும் சுத்தியல்களும் விழுந்தன. அவ்வளவு நேரம் அடக்கி வைத்த மௌனமெல்லாம் சேர்ந்து ‘ங்ங்ஙோங்’ என்று கூடத்தை அதிர வைத்தது.

முன்வரிசையில் கலாசார அதிகாரி விழித்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். மலை. உடனே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஆகா, நல்லபடியா முடிஞ்சுது” என்று சொல்லி, சிற்றுண்டிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் எழுந்ததும் வரிசை எழுந்தது. வரிசை எழுந்ததும் கூடம் எழுந்தது. வெளிநாட்டு விருந்தினர் சிலர் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதுவும் படைப்பில் ஒரு பகுதி என்று முடிவுசெய்து தாங்களும் எழுந்துகொண்டார்கள்.

“இன்னும் உரை முடியவில்லை!” என்றார் டாக்டர் இந்த்ரியானி ஒலிபெருக்கியில். “நண்பர்களே, முடிவு என்பதே இல்லை என்று இப்போதுதான்...”

வரிசையாக வந்து அவர் கையைத் தொட்டு, தங்கள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார்கள். “ரொம்ப நல்லா இருந்துது இபு.” “போயிட்டு வர்றோம் இபு.” இயக்குநர் நாலு பேருக்குக் கை கொடுத்தார். ஐந்தாவது ஆளுக்கு, “நல்லது, பார்த்துப் போங்க, வண்டி இருக்கா?” என்று கேட்டது அவர் வாயிலிருந்து தானாக வந்தது. திரும்பி ஒருமுறை திரையைப் பார்த்தார். எத்தனை நாடு சுற்றினாலும் அவர் பக்கத்து க்லாத்தென் ஊர்க்காரர். பிள்ளைப் பருவத்தில் கூத்துப் பார்க்கப் போய் அம்மா மடியில் தூங்கி, மலை நட்டதும் தட்டி எழுப்பப்பட்டவர். ஒலிபெருக்கியை அணைத்து வைத்துவிட்டு, வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

த்ரிமோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நாற்காலிகளை மடக்கினார். பிறகு பொனிரானிடம் வந்து, “என்ன பாக் நிக்கறீங்க, முடிஞ்சுதுல்ல? கட்டுங்க, கட்டுங்க” என்று சொல்லி, மேசை விரிப்பை உருவிக் கொடுத்து, மலையை நன்றாகச் சுற்றி, பின்பக்கக் கதவையும் திறந்துவிட்டார். திறந்த கதவு வழியாக, அவசரமில்லாமல், எருமையும் வெளியே போனது.

பொழுது சாயும் நேரம் வார்செனோ கண்ணைக் கசக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தபோது, மலை மேலாகக் கிடந்தது. ஜுமிரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாப்ளே, இங்க வாங்க.” வார்செனோ மூலையைத் தடவினார். “இது என்ன செவப்பா?”

பொனிரான் எட்டிப் பார்த்தார். “அது... அதுதான் மச்சான் அதோட மையம்.”

வார்செனோ விரலை நக்கிப் பார்த்தார். “உப்பு கம்மி” என்று சொல்லி பெட்டியை மூடினார். அன்றைய கூத்தில் கோமாளிகள் வந்தபோது பொனிரான் கூட்டத்தின் கடைசியில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேர் வரவில்லை. ஓர் எருமை கண்காட்சி பார்க்கப் போன கதைதான் வந்தது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. துண்டுக்குள்ளிருந்து பொனிரானும்.

மையம் மறுபடி திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முடிந்துபோன கூத்துக்கு யார் போவார்கள்? வாசலுக்கு வந்தவர்களிடம் த்ரிமோ, “மலை நட்டாச்சுங்க” என்று சொல்வார். அவர்களும் சரி என்று திரும்பிப் போவார்கள். எருமை வயலில் நடவுக்கு உழுதது. மையம் அதை ‘மீட்பு’ கண்காட்சியின் முதல் வெற்றி என்று அறிவித்து, அதைப் பற்றிக் கருத்தரங்கு கூட்டியது. அதற்கும் ஆள் வரவில்லை.

ஒரு சாயங்காலம் டாக்டர் இந்த்ரியானியும் அர்யோவும் மீன் கடைக்கே வந்துவிட்டார்கள். நல்ல வியாபார நேரம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு மீன் தின்று, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, இயக்குநர் பேச்சை ஆரம்பித்தார்.

“பாக், நட்டது நீங்க. நீங்களே வந்து மலையைப் பிடுங்கணும். அப்பத்தான் எங்களுக்குத் தொடக்கம். தொடக்கம்னு நான் சொல்றது நேர்க்கோட்டுல வர்ற தொடக்கத்தை இல்ல...”

“நல்லது இபு, நல்லது” என்றார் பொனிரான். வேறு என்ன சொல்வது?

“...காலத்தை ஒரு வட்டமா பார்த்தா, பிடுங்கறதும் நடறதும் ஒண்ணுதான்...”

படுதாவுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். நிழல்களை எண்ணிப் பார்த்து, இடமில்லை என்று இரண்டு குடும்பம் எதிர்க் கடைக்குப் போயிற்று. இயக்குநரின் கை நிழல் கெளுத்தி மீனின் மேல் எழுந்தும் விழுந்தும் கொண்டிருந்தது. அர்யோ அதைப் பார்த்து மறுபடி கண் கலங்கத் தயாரானார். பொனிரான் அடுப்புப் பக்கம் திரும்பி, பரிதாபமாகத் தன் மனைவியைப் பார்த்தார்.

ஜுமிரா அடுப்பு விசிறும் மூங்கில் விசிறியை எடுத்தாள். அரசிலை மாதிரி இருக்கும், நுனி கொஞ்சம் கருகினது. மீனுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த முழு முட்டைக்கோஸ் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, அவர்களுக்கு முன்னாலிருந்த சாப்பாட்டுப் பலகையின் நேர் நடுவில் வைத்தாள். விசிறியின் காம்பை அதில் ஒரே குத்தாகக் குத்தி, நிமிர்த்தி நட்டாள்.

“...ஆகவே முடிவுங்கறது...” என்ற இயக்குநர், விசிறியைப் பார்த்து நின்றார். உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “ரொம்ப நல்லா இருந்துது. போயிட்டு வர்றோம்” என்று ஜுமிராவின் கையைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டு, படுதாவை விலக்கி வெளியே போய், குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.